சல்லிக்காசு செலவில்லாத கார்

பிப்ரவரி 9, ஞாயிறு

உரக்கடையில் கொடுத்த டைரி இது. ஜனவரி முழுக்க வெறுமையாகக் கிடந்தது. எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை. இன்று நடந்திருக்கிறது. இந்த நாச்சிமுத்து கார் வாங்கிவிட்டான். அதுவும் எலக்ட்ரிக் கார். கோபியிலிருந்து சத்தி வரைக்கும் இந்தப் பக்கத்தில் முதல் எலக்ட்ரிக் கார் என்னுடையதுதான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டாக்டர் வைத்திருக்கிறார் என்கிறார்கள். அவர் வெளியூர்க்காரர், கணக்கில் வராது.

செகண்ட் ஹேண்ட் என்று ஈரோட்டுப் புரோக்கர் சொன்னார். பெயருக்குத்தான் செகண்ட் ஹேண்ட். முதலில் வைத்திருந்தவர் ஒரு மில் முதலாளி, அதில் ஏறி உட்கார்ந்ததே நாலு தடவைதானாம்.

ருக்மணி ஆரத்தி எடுத்தாள். எடுத்துக்கொண்டே, "ஏனுங்க, இதுக்குக் கரண்டு எங்கிருந்து வரும்?" என்று கேட்டாள்.

"செவுத்துல இருந்து."

"செவுத்துக்கு?"

பெண்களுக்கு விஞ்ஞானம் சொல்லிப் புரியவைக்க முடியாது. நான் ஒன்பதாவது வரைக்கும் படித்தவன். பத்தாவது சேரும் நேரத்தில் எனக்கு அம்மை போட்டது, இல்லாவிட்டால் இன்றைக்கு இன்ஜினியர். வீட்டுக்கு முதல் நூறு யூனிட் இலவசம், கார் அதற்குள் அடங்கிவிடும் என்று புரோக்கர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

காரைத் துடைத்தேன். நாலு பேர் நின்று பார்த்தார்கள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கோயம்புத்தூரில் கல்யாணம். நாற்பது நிமிடத்தில் போய் இறங்கினேன். வழியில் சார்ஜுக்கு நின்ற ஒன்றரை மணி நேரத்தை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுச் சம்பந்தி குழந்தைவேல் தன்னுடைய டீசல் வண்டியில் சாய்ந்து நின்றுகொண்டு, "ஏனுங் சம்பந்தி, வாரத்துக்கு எவ்வளவு ஆவுது?" என்றார்.

"சல்லிக்காசு ஆவறதில்லீங்" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. பந்தியில் எனக்கு இரண்டு தரம் பாயசம் வந்தது.

மார்ச் 3, திங்கள்

மீட்டர் ரீடிங் எடுக்கிற பெண் வந்தாள். மெஷினைத் தட்டினாள், திரும்பத் தட்டினாள்.

"போன தடவ முன்னூறுக்குள்ளதான் இருந்துச்சுங்க. இப்ப அறுநூத்திச் சொச்சம் காட்டுது. ஏசி போட்டிருக்கீங்களா?"

"ஏசியா? காரும்மா."

"அதானுங்க. ஐநூறு தாண்டுனா ரேட்டே மாறிப்போவும். காருக்கு மட்டுமில்ல, நீங்க லைட்டு போட்டதுக்கும் சேத்துத்தான்."

பில் தொகையை இங்கே எழுதப்போவதில்லை, டைரி அசிங்கமாகிவிடும். ருக்மணி அதை இரண்டு தரம் படித்துவிட்டு ஃப்ரிட்ஜை அணைத்தாள். காருக்காக விட்டுக்கொடுக்கிறாள் என்று நினைத்தேன். சாயங்காலம் பால் திரிந்து போனதும் டம்ளரை நங்கென்று வைத்தாள். கோபம் என்று அப்போதுதான் தெரிந்தது.

மார்ச் 5, புதன்

எனக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. விஷயத்தை ஒழுங்காக எழுதிவைக்கிறேன், பிற்காலத்தில் யாராவது படித்தால் புரியவேண்டும்.

அப்பாவுக்கு ஆறு ஏக்கர். பாகத்தில் எனக்கு மூன்று, தம்பி சென்னியப்பனுக்கு மூன்று. என் மூன்றை விற்று ஃபைனான்ஸ் தொழிலில் போட்டேன். தொழில் என்னால் வளர்ந்தது, வளர்ந்ததும் என்னை விட்டுப் போய்விட்டது. தம்பி தன் மூன்றில் நேந்திரன் வாழை போட்டிருக்கிறான். வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டாங்காடு அது, போர் மோட்டார்தான் உயிர். விவசாய சர்வீஸ் என்பதால் கரண்டு இலவசம்.

அந்த சர்வீஸ் யார் பேரில் இருக்கிறது? என் பேரில். மூத்தவன் என்று அப்பா என் பேரில் வாங்கினார். பாகம் பிரித்தபோது நிலத்தின் பேர் மாறியது, சர்வீஸ் பேரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அண்ணன் தம்பிக்குள் எதற்கு என்று விட்டுவிட்டோம்.

ஆக, தம்பி தோட்டத்தில் ஓடுவது என்னுடைய கரண்டு.

காருக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன் என்று தம்பியிடம் சொன்னேன். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். எதற்கும் யோசிப்பான்.

"அண்ணா, அது மோட்டாருக்குன்னு குடுக்கறதுங்க. வேற எதுக்கும் எடுக்கக் கூடாதும்பாங்க."

"ஆத்துல ஓடற தண்ணிய ஒரு கொடம் மோந்தா ஆறு கொறஞ்சிருமாடா?"

"கொறையாதுங்க. ஆனா..."

"சர்வீஸ் யாரு பேருல?"

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, "நீங்க சொன்னாச் சரிங்ணா" என்று போனான்.

மார்ச் 11, செவ்வாய்

வயர்மேன் துரைராசுவை லைன் இழுக்கக் கூப்பிட்டேன். முடியாது என்றுவிட்டான், பயந்தாங்கொள்ளி. நானே இழுத்தேன். நாலு தடவை ஷாக் அடித்தது. ஐந்தாவது தடவை கரண்டுக்கே அலுத்துவிட்டது.

மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் தென்னங்கீற்றுப் போட்டு காருக்கு நிழல் செய்திருக்கிறேன். பச்சை விளக்கு எரிகிறது. டீக்கடை ஆறுச்சாமியிடம் சொன்னேன்: "இனி என்ற வண்டிக்குக் கவருமெண்டே எண்ணெய் ஊத்துது." கடையே சிரித்தது.

மார்ச் 16, ஞாயிறு

தம்பி பொண்டாட்டி தெய்வாத்தாள் நல்ல பெண்தான், ஆனால் வாய் கொஞ்சம் நீளம்.

"மாமா, காரு குடிக்கறப்ப மோட்டாரு முக்குதுங்க. நேத்து ரெண்டு தரம் நின்னு போச்சு."

மோட்டார் பழசு என்றேன். போன வருடம்தான் காயில் கட்டினோம் என்கிறாள். மும்முனைக் கரண்டு வருகிற நேரமே கொஞ்சம், அதில் இரண்டும் ஒன்றாக ஓடினால் காயில் கருகிவிடும் என்று தம்பி பயப்படுகிறான். சரி, சண்டை வேண்டாம் என்று நானே தீர்ப்புச் சொன்னேன்: காலையில் காருக்கு, மத்தியானத்துக்கு மேல் வாழைக்கு. வாழை எங்கேயும் போகப்போவதில்லை. கார்தான் போகவேண்டும்.

"பூத் தள்ளற நேரமுங்ணா. இப்பத் தண்ணி கொறஞ்சா தாரு சின்னதாப் போயிரும்" என்றான் தம்பி.

"சின்னதா இருந்தா சிப்ஸுக்கு நல்லாருக்கும்" என்றேன். அவனும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

மார்ச் 23, ஞாயிறு

வரலாற்று நாள். எங்கள் சொந்தக்காரர்களுக்கு போனில் ஒரு குழு இருக்கிறது, பங்காளி, சம்பந்தி எல்லாரும் உண்டு. அதில் சம்பந்தி குழந்தைவேல் தன் வண்டிக்கு டீசல் அடித்த ரசீதைப் போட்டு, எலக்ட்ரிக் எல்லாம் ஏமாற்று, வீட்டில் சார்ஜ் போட்டால் பில் வந்து கழுத்தை நெரிக்கும் என்று எழுதியிருந்தார். ருக்மணி அவர் வீட்டில் பில்லைப் பற்றி ஏதோ உளறியிருக்கிறாள்.

விட முடியுமா? மோட்டார் ரூம் முன்னால் நின்று வீடியோ எடுத்தேன். தெய்வாத்தாளைப் போனைப் பிடிக்கச் சொன்னேன். பின்னால் வாழை, பக்கத்தில் கார், கையில் வயர்.

"சொந்தங்களே, இது என்னோட சொந்த மோட்டார் சர்வீஸ். ஒரு வருசமா இதுலதான் என்னோட கார் சார்ஜ் ஆவுது. கோயம்புத்தூரு, மெட்ராசு, பெங்களூரு எல்லாம் போயிட்டு வந்தாச்சு. செலவு சைபர்."

ஒரு வருசம் என்றது பேச்சு வேகத்தில் வந்தது. இரண்டு வாரம் என்றால் கேட்கிறவனுக்கு என்ன மரியாதை?

தம்பி தோட்டத்திலிருந்து வந்து, "அண்ணா, இத எதுக்குங்க ஊருக்கெல்லாம்" என்றான். அதற்குள் அனுப்பிவிட்டேன். குழந்தைவேல் பதிலே போடவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

வீடியோ பவானி தாண்டி சேலம் வரை போய்விட்டதாம். ஆயிரக்கணக்கான பேர் பார்த்திருக்கிறார்கள். லட்சம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 26, புதன்

காலையில் காருக்கு சார்ஜ் போட்டுவிட்டு கட்டிலில் சாய்ந்திருந்தேன். மோட்டார் ரூம் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. மூன்று பேர். கண்ணாடி போட்டவர் முன்னால் வந்து, "அந்த வீடியோல வந்தது நீங்கதானுங்களா?" என்றார்.

பத்திரிகைக்காரர்கள் என்று நினைத்துவிட்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். இளநீர் வெட்டச் சொன்னேன். தம்பி வெட்டவில்லை, ஜீப்பின் பின்னால் எழுதியிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நெசமாலுமே இந்த லைன்லதான் ஏறுதுங்களா? நம்பற மாதிரி இல்லையே" என்றார் இன்னொருவர்.

என்னை யாரும் சந்தேகப்பட்டால் எனக்கு ஆகாது. வயரைப் பிடுங்கி மறுபடியும் செருகிக் காட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. அவர் போட்டோ எடுத்தார். "இன்னொருக்காச் செருகுங்க" என்றார். செருகிவிட்டுச் சிரித்தேன்.

"எத்தன நாளா?"

"ஒரு வருசமாச்சுங். கூட வேணா இருக்கும், கொறையாது."

"சர்வீஸ்?"

"என்ற பேருலதானுங்."

எழுதிக்கொண்டார். பிறகுதான் மின்வாரியத்தின் பறக்கும் படை என்றார். பறக்கும் படை என்றால் முன்னாலேயே சொல்லவேண்டாமா?

தம்பி நடுவில் வந்து, "சார், அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நாந்தானுங்க எடுக்கச் சொன்னேன்" என்றான். அவனுக்கு அதிகாரிகளிடம் பேசத் தெரியாது, இல்லாததை எல்லாம் உளறுகிறான். நான் திருத்தப் போனேன். தெய்வாத்தாள் என்னைப் பார்த்த பார்வையில் பேசாமல் நின்றுவிட்டேன்.

மீட்டரைக் கழற்றினார்கள். கம்பத்திலிருந்து வயரை அறுத்தார்கள். ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அந்தக் கண்ணாடிக்காரரே உற்றுப் பார்த்தார்.

மத்தியானம் வாழைக்குத் தண்ணீர் விடவில்லை.

மார்ச் 31, திங்கள்

வெயில்.

ஏப்ரல் 2, புதன்

நோட்டீஸ் வந்துவிட்டது. ஒரு வருடம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். தம்பி அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து வெகு காலம் ஆகிறது. ருக்மணி காபி கொடுத்தாள், ஆறவிட்டான்.

"அண்ணா, எல்லாரையும் விசாரிச்சுட்டேன். நீங்க நேர்ல போயி, ரெண்டு வாரந்தான், ஒரு வருசம்னு சும்மா பெருமைக்குச் சொன்னேன்னு எழுதிக் குடுத்தாக் கொறைப்பாங்களாம். கொறச்சாக் கட்டீரலாம். கட்டுனாத்தான் லைன். லைன் வந்தாத்தான் வாழை."

"கார் பிப்ரவரிலதான் வாங்குனதுன்னு ஆர்சி புக்கக் காட்டலாமே" என்றாள் ருக்மணி. ஆர்சி இன்னும் மில் முதலாளி பேரில்தான் இருக்கிறது. மாற்றுவதைப் பார்த்துக்கொள்கிறேன் என்ற புரோக்கர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

"அப்ப நீங்க சொல்றதுதாங்ணா" என்றான் தம்பி. "வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். அதுக்கப்புறம் ஃபைலு மேல போயிரும். மேல போனா எப்பத் திரும்பும்னு ஒருத்தரும் சொல்லமாட்டீங்கறாங்க. புதுசா மனுப் போட்டவங்க பத்து வருசமா வரிசைல நிக்கறாங்க."

இதென்ன பெரிய காரியம். சொல்லிவிடுகிறேன் என்றேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

கோபி போனேன். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். தம்பி பஸ்ஸில் வந்து வாசலிலேயே காத்திருந்தான். காரில் கூப்பிட்டேன், ஏறவில்லை.

ஆபீஸுக்குள் நுழைந்தால் பெஞ்சில் யார்? குழந்தைவேல். தன்னுடைய அரிசி மில்லுக்கு ஏதோ கூடுதல் கரண்டு கேட்டு வந்திருக்கிறார். பக்கத்தில் நம் பங்காளிகள் இரண்டு பேர்.

"வாங்க சம்பந்தி. ஃபைன் கட்ட வந்தீங்களா? ஏதோ வீடியோவெல்லாம் போட்டீங்களே, அதுல சொன்னது நெசந்தானுங்களா?"

இன்ஜினியர் ஒரு பெண், வயது குறைவுதான். என் பேரைப் பார்த்துவிட்டு நல்ல மாதிரியாகவே கேட்டாள்: "பெரியவரே, உங்க தம்பி வந்து சொன்னாருங்க. ரெண்டு வாரம்தான்னா ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க, சேத்து அனுப்பறேன். சொல்லுங்க, எவ்வளவு நாளா எடுத்தீங்க?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். தம்பி என் தோளுக்குப் பின்னால் நின்றான். அவன் மூச்சு கேட்டது.

சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"நாச்சிமுத்து சொன்னாச் சொன்னதுதானுங். ஒரு வருசம்."

குழந்தைவேல் தொடையில் தட்டிச் சிரித்தார். இன்ஜினியர் தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தான். அவள் ஃபைலை மூடி அந்தப் பக்கம் வைத்தாள்.

வெளியே வந்து தம்பியிடம் விளக்கினேன்: அத்தனை பேர் முன்னால் மாற்றிச் சொன்னால் குடும்ப மரியாதை என்ன ஆவது, அடுத்த வாரம் தனியாக வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று. கேட்டானோ என்னவோ. "பஸ்ஸு வந்துருச்சுங்ணா" என்று போய்விட்டான்.

ஏப்ரல் 9, புதன்

தனியாகப் போனேன். ஃபைல் மேலே போய்விட்டதாம். அவர்கள் அவசரப்பட்டதற்கு நான் என்ன செய்ய?

காரை விற்றுத் தம்பிக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு பெருந்தன்மையான யோசனை வந்தது. புரோக்கரைக் கூப்பிட்டேன். பேட்டரி கெட்டு நாளாகிவிட்டது, அதனால்தான் மில் முதலாளி தள்ளிவிட்டார், காயலான் கடை விலைதான் கிடைக்கும் என்று அவரே இப்போது சொல்கிறார். நாலு தடவை உட்கார்ந்த வண்டி என்று சொன்ன அதே வாய்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. தம்பி வீட்டிலிருந்து பாயசம் வரவில்லை. எல்லா வருடமும் வரும்.

தோட்டத்துப் பக்கம் போனேன். டேங்கர் லாரி ஒன்று தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. மூன்று ஏக்கர் வாழைக்கு ஒரு டேங்கர், யானைப் பசிக்குச் சோளப்பொரி. தம்பியும் தெய்வாத்தாளும் குடத்தில் பிடித்து ஒவ்வொரு மரத்துக்கும் ஊற்றினார்கள். எல்லா மரத்துக்கும் இல்லை. தார் போட்டதற்கு மட்டும் ஊற்றி, மற்றதைத் தாண்டிப் போனார்கள். கிழக்கு ஓரத்தில் இன்னொரு பெண் முக்காடு போட்டுக்கொண்டு குடம் சுமந்தாள். ருக்மணி மாதிரி இருந்தது.

ருக்மணிதான்.

நானும் ஒரு குடத்தை எடுத்தேன். "வெயிலுங்க மாமா, நீங்க நெழல்ல உக்காருங்க" என்றாள் தெய்வாத்தாள். மரியாதையாகத்தான் சொன்னாள். குடத்தை வாங்கிக்கொண்டாள்.

ஏப்ரல் 19, சனி

தம்பியின் தொழுவத்தில் மாடுகள் இல்லை. மேய்ச்சலுக்குப் போயிருக்கும்.

ஏப்ரல் 24, வியாழன்

மாடு விற்ற பணத்தை அபராதத்தில் பாதியாகக் கட்டியிருக்கிறான். மீதி கட்டினாலும் லைன் எப்போது என்று எழுத்தில் தரமாட்டார்களாம். இந்த விஷயங்களை எல்லாம் எனக்குச் சொல்வது டீக்கடை ஆறுச்சாமி. தம்பி சொல்வதில்லை.

மே 4, ஞாயிறு

நேற்றுச் சாயங்காலம் காற்று. பெரிய காற்று ஒன்றும் இல்லை, வேட்டி பறக்கிற அளவுதான். தண்ணீர் ஏறிய மரம் அதற்கெல்லாம் அசையாது. தம்பியுடைய வாழை நடுவில் மடங்கி மடங்கி விழுந்திருந்தது. தார் மண்ணில் கிடந்தது, விரல் விரலாக, ஒவ்வொன்றும் குழந்தை விரல் பருமன்.

சிப்ஸுக்குக்கூட ஆகாது.

மே 6, செவ்வாய்

ஆட்டுக்காரன் வந்தான். முன்னூறு ஆடு. தம்பி வேலிப் படலைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றான். ஆடுகளுக்கு வாழையிலை ரொம்பப் பிடிக்கும் போலிருக்கிறது. பொழுது சாய்வதற்குள் பாதிக் காடு தெரிந்தது.

"காசு எவ்வளவு பேசுன?" என்றேன்.

"காசெல்லாம் இல்லீங்ணா. தின்னுட்டுப் போவட்டும்."

மே 19, திங்கள்

தம்பியும் தெய்வாத்தாளும் திருப்பூர் கிளம்பினார்கள். ஒரு பனியன் கம்பெனியில் இரண்டு பேருக்கும் வேலை, தங்க ஒரு ரூமும் கொடுக்கிறார்களாம். காரில் கொண்டுபோய் விடலாம் என்று வீட்டில் சார்ஜ் போட்டு ரெடியாக நிறுத்தியிருந்தேன். பில் வந்தால் வரட்டும். ருக்மணிகூட ஒன்றும் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாப்பில் ஒரு சாக்கு, ஒரு பெட்டி, ஒரு ஸ்டவ். அவ்வளவுதான்.

"ஏறுங்கடா, நெழல்ல போலாம்."

"வேண்டாங்ணா."

"ஏன்டா, அண்ணன் கொண்டுபோய் விடக்கூடாதா?"

தெய்வாத்தாள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி என் சட்டைக் காலர் மடங்கியிருந்ததை நிமிர்த்திவிட்டான். சின்ன வயதில் நான் அவனுக்குச் செய்வது.

"அங்க கேட்டுல நிக்கற வேலைங்ணா எனக்கு. ஊர்ல யாருக்கும் சொல்லவேண்டாம்" என்றான்.

பஸ் வந்தது. ருக்மணி அழுதாள். நான் கையை ஆட்டினேன். ஜன்னல் ஓரத்தில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை, அதனால் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஜூன் 1, ஞாயிறு

டீக்கடையில் நல்ல கூட்டம். தம்பியைக் காணோமே என்று ஒருவர் கேட்டார். இந்த மாதிரி நேரத்தில் குடும்பத்துக்குப் பெரியவன் சும்மா இருக்கக்கூடாது.

"திருப்பூர்ல ஒரு பெரிய கம்பெனி. முதலாளி வீட்டுக்கே வந்து கூப்புட்டாரு. அங்க எல்லாம் இப்ப அவன் கையிலதான்" என்றேன்.

ஆறுச்சாமி டீயை ஆற்றுவதை நிறுத்தவில்லை. "தெரியுமுங்க பெரியண்ணா" என்றான் மெதுவாக. "என்ற மச்சான் அதே கம்பெனிலதான் கட்டிங்ல இருக்கான். சென்னியப்பண்ணன் கேட்ல நிக்கறாராமா. காக்கி போட்டுட்டு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"கேட்டுன்னா லேசுப்பட்டதா? அவந் தொறந்தாத்தான் முதலாளியே உள்ள போவ முடியும்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை.